கரையோர மக்களுக்கு அறிவு எட்டு

என் அன்பு மச்சான் சேதுவுக்கு,

உட்கார்ந்து எழுத முடியவில்லை. நாலு முறை பேனாவை எடுத்து நாலு முறையும் எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். டவுன்ஷிப் தமிழ் மன்ற மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி நம் நண்பன் வேணு உயிரை எடுக்கிறான். உன்னைப் பற்றி எழுதினால் ஒரு வரிகூட வரவில்லை. உன்னிடம் பேசினால்தான் வருகிறது. மற்றவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

அவர்களுக்கும் புரிய வேண்டுமே, அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்.

நம் ஆலையிலிருந்து வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனவர்கள் எல்லாம் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலுமாகத் திரும்பினார்கள். நீ மட்டும் மூன்று மெல்லிய புத்தகங்களும் ஒரு சின்னப் பை நிறையப் பகடைகளும் கொண்டு வந்தாய். எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. ஒருவர் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாட வேண்டும் என்றாய். நீ "இப்ப என்ன செய்யறே?" என்று கேட்பாய். நாங்கள் சொல்வதைச் செய்ய முடியுமா முடியாதா என்று பகடை முடிவு செய்யும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம் இத்தனை, அறிவு இத்தனை என்று எண்கள் உண்டு. மூன்று பகடையை உருட்டி விழுகிறதுதான் எண், பதினெட்டு என்றால் உச்சம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை உன் குவார்ட்டர்ஸில் நாம் ஆடியது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பனி கொட்டுகிற மலை, இரும்புக் கவசம், நீளக் காது உள்ள காட்டு மனிதர்கள், சுரங்கம் தோண்டும் குள்ளர்கள். "இன்னா மச்சான் இது, சித்திர வெயில்ல ஒக்காந்துகினு பனியில நடுங்கச் சொல்றே?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். அடுத்த ஞாயிறு சைக்கிளில் மாமல்லபுரம் போய் ஒரு நோட்டு நிறையக் குறிப்போடு திரும்பினாய்.

அதிலிருந்துதான் பைத்தியம் பிடித்தது உனக்கு. காட்டு மனிதர்கள் பல்லவ அரண்மனைக்காரர்கள் ஆனார்கள். குள்ளர்கள் பாறையைக் குடையும் சிற்பிகள் ஆனார்கள். பல்லவ ராஜாவுக்கு நீளக் காது எப்படி வந்தது என்று வேணு மடக்கியபோது, "போய் எந்தச் சிலையையாவது பாருடா, காது தோள் வரைக்கும் தொங்கும்" என்றாய். இரும்புக் கவசம் போட்டவன் வெயிலில் நாழிகைக்கு ஒரு பலம் இழப்பான் என்று விதி எழுதினாய். வேணு டிராயிங் செக்‌ஷனிலிருந்து மீந்த தாளைக் கொண்டு வந்து முட்டுக்காட்டிலிருந்து பாலாறு வரைக்கும் ஒரு பழங்காலக் கடற்கரையை வரைந்தான். ஒரு பகடை தொலைந்தபோது புளியங்கொட்டையில் எண் எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கினோம்.

கடற்கரை விஷயம் மட்டும் என் பொறுப்பு. நீ கும்பகோணத்துக்காரன், அலையைக் கண்டால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். நான் அலைக்குப் பக்கத்திலேயே குப்பத்தில் பிறந்தவன். துறைமுகத்தில் கல் படிக்கட்டில் கப்பல்கள் வரிசையாகக் கட்டி நிற்பதாக நீ எழுதியிருந்தாய். "இங்க அடிக்கிற அலைக்கு எந்தக் கப்பல் மச்சான் கிட்ட வரும்? அது தொலவுல நிக்கும். நம்ம கட்டுமரம்தான் போயி சரக்கு எறக்கும்" என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஒரு பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினாய். கட்டுமரத்தைத் தினமும் அவிழ்த்துக் காயப்போட வேண்டும் என்றேன், எழுதினாய். எந்தக் காற்றில் எந்த மீன் என்றேன், எழுதினாய். "கடல்னா ஏழுமலை சொல்றதுதான் சட்டம்" என்பாய். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?

வேணு ஒரு சிற்பியாக ஆடினான். என் பாத்திரத்துக்கு நீலன் என்று பெயர் வைத்தேன். கரையோரத்து ஆள். ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நீலனாகத்தான் இருந்தேன்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. வேணுவின் சிற்பி ஒரு குகைக்குள் மாட்டிக்கொண்டான், உள்ளே தண்ணீர் ஏறுகிறது. வெளியே போகும் வழி வாசல் தூணில் கல்வெட்டாக இருக்கிறது. நீலன் மட்டும்தான் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறான். படிக்கிறேன் என்றேன். நீ நோட்டைப் புரட்டினாய்.

"நீலனால முடியாது. படிக்க அறிவு பத்து வேணும். கரையோர மக்களுக்கு எட்டுக்கு மேல கிடையாது."

"எவன் சொன்னான்?"

"நோட்டுல இருக்குடா."

"எவன் சொன்னான்னு கேக்கறேன்!"

"நீதானே மச்சான்..." என்று ஆரம்பித்தாய். நான் முடிக்கவிடவில்லை. நீதானே கரையோரத்து ஆள், உனக்குத் தெரியாதா என்று கேட்கப் போகிறாய் என்று நினைத்தேன். எங்கள் குப்பத்தில் பாலிடெக்னிக் முடித்த முதல் ஆள் நான். ஆலையில் கண்ட்ரோல் ரூமில் மீட்டர் படிக்கிறவன். கேன்டீனில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவன் மூக்கைச் சுளித்தால் எதற்கு என்று எனக்குத் தெரியும். அங்கே வாங்கியதெல்லாம் போதாதென்று விளையாட்டிலுமா? வரைபடத்தைக் கசக்கி எறிந்தேன். "ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி போயும் எங்களுக்கு எட்டுதானாடா? போடா நீயும் உன் பல்லவனும்!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். வேணுவின் சிற்பி குகைக்குள்ளேயே கிடந்தான்.

ஆறு வாரம் நாம் பேசவில்லை. ஒரே பஸ்ஸில் போய் ஒரே கேட்டில் இறங்கினோம். நீ இரண்டு முறை பக்கத்தில் வந்து நின்றாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வாரம் உனக்கு மஞ்சள் காமாலை முற்றிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று வேணு ஓடி வந்து சொன்னான். அந்த வாரம் முழுவதும் எனக்கு லீவு. வலை இழுக்கும் தம்பிக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று போட்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பஸ் ஏறினேன், அதையாவது நம்பு. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. மலைமேல் கழுகு பார்க்கப் போகிற கூட்டம் இறங்கியது, அவர்களோடு நானும் இறங்கிவிட்டேன். காமாலைதானே, ஒரு மாதம் பத்தியம் இருந்தால் எழுந்துவிடுவான். இன்றைக்குப் போனால் நான் தோற்றுப் போனதாக ஆகிவிடும், கோபம் ஆறட்டும், அப்புறம் போகலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு டீ குடித்தேன். வந்த வழியே பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

நீ அதற்கடுத்த நாள் போய்விட்டாய். இருபத்தொன்பது வயதில் இப்படிப் போவார்களா மச்சான்? காமாலைக்கு யாராவது சாவார்களா?

உன் வீட்டுக்காரி கமலா அக்காவிடம் எனக்கு ஷிஃப்ட் மாற்றிக் கொடுக்கவில்லை என்று பொய் சொன்னேன். பிறகு ஒரு நாள், ஏதோ பேச்சில் அக்கா, "கடைசி நாலு நாளும் ஏழுமலை வந்தானா, ஏழுமலை வந்தானான்னு கேட்டுட்டே இருந்தார்" என்றார். அன்று முதல் எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வேலையில் ஒரே மீட்டரை மூன்று முறை பார்க்கிறேன். கரைக்குப் போனால் வீட்டுக்கு வரத் தோன்றுகிறது, வீட்டுக்கு வந்தால் கரைக்கு.

போன வாரம் அக்கா கூப்பிட்டனுப்பினார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், கும்பகோணத்தில் அண்ணன் வீட்டுக்குப் போகிறார். உன் நோட்டை என் கையில் கொடுத்து, "நீ வச்சுக்கறியா? இல்லேன்னா பழைய பேப்பரோட போட்டுடறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு" என்றார்.

எனக்கு அதை வைத்துக்கொள்ள என்ன உரிமை? ஆனாலும் வாங்கிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடினேன். சண்டைக்குப் பிறகு நீ எட்டை அடித்துப் பதினெட்டு போட்டிருப்பாய் என்று ஒரு நப்பாசை. போடவில்லை. அப்படியேதான் இருந்தது:

"கரையோர மக்கள். பலம் மிகுதி. அறிவு எட்டுக்கு மேல் போகாது. ஏழுமலை சொன்னது."

ஏழுமலை சொன்னது!

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நீ கரையோர மக்களுக்கு எண் போட உட்கார்ந்த அன்று, அக்கா டீ கொண்டு வந்தார், வேணு இருந்தான். நான் காலை நீட்டிக்கொண்டு சொன்னேன்: "எங்காளுங்களுக்கு மூளையெல்லாம் முழங்கையிலதான் கீது மச்சான். பதினெட்டுக்கு எட்டு போடு, அதுவே ஜாஸ்தி." எல்லோரும் சிரித்தீர்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். டவுன்ஷிப்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரித்துவிடுவது என் பழக்கம். அப்படிச் செய்தால் அடி வலிக்காது. நீ அன்று சிரித்துக்கொண்டே குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய்.

கப்பல் கரைக்கு வராது என்று சொன்னபோது நம்பியது போலவே இதையும் நம்பிவிட்டாய். எனக்கு இன்னும் கோபம்தான், மறைக்க மாட்டேன். நான் சொன்னால் அதை அப்படியே எழுதிவிடுவாயா? படித்தவன்தானே நீ? எது வேடிக்கை எது விவரம் என்று ஒரு முறை என்னைத் திருப்பிக் கேட்டிருந்தால் என்ன? ஆனால் "நீதானே மச்சான்" என்று நீ ஆரம்பித்ததை நான் முடிக்க விட்டிருந்தாலும் இந்தக் கதை வேறாக இருந்திருக்கும்.

அதே பக்கத்தில் அடுத்த வரி இன்னும் மோசம்.

"கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் அவனோடு பேச்சுவார்த்தை இல்லாதவனும் மரம் தள்ளித் தேடப் போக வேண்டும். போகாதவனை ஊர் சேர்க்காது. ஏழுமலை சொன்னது."

இது நான் வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. எங்கள் குப்பத்தில் இன்றைக்கும் இதுதான் வழக்கம். என் அப்பாவைத் தேடிப் போன முதல் ஆள், எங்களோடு பத்து வருஷம் பேசாத பெரியப்பாதான். அதை உனக்குப் பெருமையாகச் சொன்ன நான்தான் திருக்கழுக்குன்றத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வேணுவும் சாமான் கட்டப் போனோம். கட்டி முடித்ததும் அக்கா, வெறும் அறையில் ஒரு டிரங்குப் பெட்டியை நடுவில் இழுத்துப் போட்டார். "ஒண்ணரை வருஷமா அடுப்படியில இருந்து நீங்க கத்தறதைக் கேட்டாச்சு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை நானும் ஆடறேன். ஏழுமலை, நீ நடத்து" என்றார். எந்த மக்கள் வேண்டும் என்று கேட்டேன். கரையோரம் என்றார்.

"அக்கா, அவங்களுக்கு நோட்டுல ஒரு வரம்பு போட்டுக்கீது. அத நான் தூக்கிட்டேன். பகடையில இன்னா வுழுதோ அதான்" என்றேன். அக்கா மூன்று பகடையையும் உருட்டினார். அறிவு ஐந்து விழுந்தது.

வேணு வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. அக்கா பகடையைக் குனிந்து பார்த்துவிட்டு, "படிக்கத் தெரியலன்னா என்ன, நாலு பேரைக் கேட்டுப் போயிட்டுப் போறேன்" என்று சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆடினோம். வேணுவின் சிற்பியைக் குகையிலிருந்து அக்காதான் வெளியே இழுத்தார், கல்வெட்டைப் பார்க்காமலேயே.

வேணு லாரிக்காரனைப் பார்க்கப் போனதும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஷிஃப்ட் எதுவும் இல்லை, லீவில்தான் இருந்தேன், பாதி வழியில் இறங்கிவிட்டேன் என்று.

"தெரியும்" என்றார் அக்கா. "ரெண்டாம் நாளே வேணுகிட்ட உன் ஷிஃப்ட்டைக் கேட்கச் சொன்னார். லீவுன்னு வேணு வந்து சொன்னான்."

"அதுக்கு அவரு இன்னா சொன்னாரு?"

"செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேட்டார், ஏழுமலை வந்தானான்னு."

மன்னித்துவிட்டாயா என்று உன்னைக் கேட்க மாட்டேன். நீ பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கும்போது அப்படிக் கேட்பது எனக்கு ரொம்பச் சௌகரியம். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. எட்டை அடிக்கவில்லை. அந்த வரிக்குக் கீழே, இது ஏழுமலை பயத்தில் சொன்ன பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேடப் போக வேண்டும் என்ற அடுத்த வரிக்குக் கீழே எழுத எதுவும் இல்லை.

உனக்கு ஒரே ஒரு வாக்கு தருகிறேன் மச்சான். இனி எவனோடு முட்டிக்கொண்டாலும், அவன் படுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டால், கோபம் ஆறுகிறவரை காத்திருக்க மாட்டேன். கோபத்தோடேயே போய்க் கட்டில் பக்கத்தில் நிற்பேன்.

உன் மச்சான்,
ஏழுமலை