அடிப்பதற்கு முன் கேட்டது

பிப்ரவரி 4, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், லோன் வேணுமா என்று கேட்கிறவர்கள்தான் என்று நினைத்து, "சுடுகாடு ஆபீஸ், எத்தினி மணிக்குக் கொண்டாரீங்க?" என்று கேட்பது என் வழக்கம். இன்றும் கேட்டேன். அந்தப் பக்கம் என் நம்பரைப் படித்துச் சரிபார்த்தார்கள். பிறகு, திருப்பதியில் என் மகள் தபிதா படிக்கும் அரசு காலேஜிலிருந்து பேசுவதாகச் சொன்னார்கள். உங்கள் மகளை சஸ்பெண்ட் செய்திருக்கிறோம், வந்து கூட்டிப் போங்கள்.

எதற்கு என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 5, புதன்

தபிதா காலேஜ் வராந்தாவில் நின்றிருந்தாள். ஹாஸ்டலில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லையாம். பெண்கள் எல்லாரும் காலி பக்கெட்டோடு போய் பிரின்ஸிபால் ரூம் முன்னால் நின்றிருக்கிறார்கள். வெளியே வர ஹாஸ்டல் கேட் பூட்டை உடைத்தது இவள்தான் என்று தெலுங்கில் ஆர்டர். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. தமிழே சர்ச்சில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் கற்றதுதான். அவளே படித்துக் காட்டினாள்.

"பக்கெட்டோட நின்னேன் நைனா. பூட்டைத் தொடவே இல்ல."

உன்னை யாராவது கேட்டார்களா என்றேன். யாரும் கேட்கவில்லையாம்.

அட்டெண்டர் திருவேங்கடம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "உள்ள போனதும் பொண்ணு கன்னத்துல ஒண்ணு வையி. சார் குளுந்துடுவாரு. மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு போய்க்கினே இரு. எல்லா அப்பனும் அதான் செய்றாங்க."

உள்ளே போனோம். பிரின்ஸிபால் மகளின் லட்சணத்தை விவரித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, என் கையையே பார்த்தார். என் கையும் பாதி எழுந்துவிட்டது. சீ. தபிதா கண்ணை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கையைத் தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டேன்.

"இவ உடைச்சத யாரு பாத்தாங்க சார்? சொல்லுங்க, அப்புறம் அடிக்கிறேன். காரணம் தெரியாம அடிச்சா கை கோணலா வுழும்."

வாசலில் திருவேங்கடம் இருமினார். பிரின்ஸிபால் சிரிக்கவில்லை. மன்னிப்பு எழுதித் தராவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்றார்.

பிப்ரவரி 6, வியாழன்

வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஒரு காகிதம்தானே, எழுதிக் கொடுத்தால் என்ன என்கிறாள் என் மனைவி கிருபாபாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. எழுதிடு கண்ணு என்றேன்.

"செய்யாதத செஞ்சேன்னு எழுதணுமா? பக்கெட்டுக்கு வேணா எழுதறேன் நைனா."

கழுதை, சரியாகத்தான் பேசுகிறது.

ரோட்டில் என் மினி லாரியை மடக்கும் போலீஸ்காரர்கூட, லைட் எரியலை, ஹாரன் அடிக்கலை என்று எதையாவது சொல்லிவிட்டுத்தான் ஃபைன் எழுதுவார். இவங்களுக்கு அதுகூட வேணாமா? பரீட்சை மார்ச்சில். புள்ளைக்கி ஒரு வருஷம் போயிடுமே. போயிடுமா? வுடுவனா நானு?

பிப்ரவரி 10, திங்கள்

கலெக்டர் ஆபீசில் மனு நாள். தபிதா எழுதிய மனுவை வரிசையில் நின்றபடி இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என்ன குற்றம் என்று சொல்லுங்கள், பார்த்தவர் யார் என்று காட்டுங்கள், என் பக்கத்தையும் கேளுங்கள். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கும் இல்லை. முன்னால் நின்ற ஆள் திரும்பி, பெண்ணை வக்கீலுக்குப் படிக்க வைக்கிறாயா என்றான். இல்லை, இப்போதைக்கு வீட்டில் வாதாடிப் பழகுகிறாள் என்றேன்.

ஒரு நகலை பிரின்ஸிபாலிடமும் கொடுத்தோம். "ஜாபேஸ், பொண்ணு வாழ்க்கைய நீயே கெடுக்கற" என்றார்.

"யாரு கெடுத்ததுன்னு அதையும் சேத்து விசாரிங்க சார்."

பிப்ரவரி 14, வெள்ளி

மனுவுக்குப் பதிலாக எங்கிருந்தும் போன் வரவில்லை. தபிதா காலையிலிருந்து புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

கலெக்டர் ஆபீஸ் சொல்லி, காலேஜில் விசாரணை நடந்தது. மூன்று லெக்சரர்கள், ஹாஸ்டல் வார்டன் மனோரமா மேடம், நாங்கள். தபிதா எழுந்து நின்று கேட்டுவிட்டாள். நான் பூட்டை உடைத்ததை நீங்கள் பார்த்தீர்களா மேடம்? மேடம் ஃபேனைப் பார்த்தார். கூட்டத்தில் முன்னால் நின்றவள் இவள், அதனால் இவளாகத்தான் இருக்கும் என்று நினைத்தாராம்.

வாட்ச்மேனைக் கூப்பிடுங்கள் என்றாள். மாசிலாமணி வந்தார்.

"சாவி எங்கியோ வுழுந்துடுச்சி சார். புள்ளைங்க கத்திக்கினு இருந்தாங்க. நான்தான் கல்லால தட்டித் தொறந்தேன். என்னை யாரும் கேக்கலியே."

பக்கெட்டோடு நின்றதற்கு மட்டும் ஒரு வார்னிங். அது நான் செய்ததுதான் என்று சொல்லி தபிதா கையெழுத்துப் போட்டாள். சஸ்பென்ஷன் ரத்து.

வெளியே வந்ததும் மாசிலாமணியிடம், உனக்கு வம்பு வராதா என்றேன். "வந்தா என்னையும் கேட்டுட்டு அப்புறம் செய்யச் சொல்லு" என்றார். வந்து கேட்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

திருப்பதி மண்டிக்குப் புளி லோடு. அதே வண்டியில் தபிதாவைக் கூட்டிப்போய் ஹாஸ்டலில் விட்டேன். புத்தகங்களைக் கோணிப்பையில் கட்டி வைத்திருந்தாள்; மூட்டையை நானே இறக்கி கேட்டருகில் வைத்தேன். தண்ணீர் வருகிறதாம். மண்டியில் லோடு இறக்கிவிட்டு, பாகாலாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன். ரூமில் ஒரு மூட்டை புளி இருக்கிறதாம். மண்டிக்குப் போன் செய்தேன். புத்தகத்தை முதல் ரகத்தில் எடை போட்டு உள்ளே அடுக்கிவிட்டார்கள். வண்டியைத் திருப்பினேன்.