லீவு நாளிலும் ஏறாத முள்

மஸ்கட்

அன்புள்ள ஷிபாவுக்கு சலாம்.

நீயும் பிள்ளையும் சுகம்தானே? அத்தாவுக்கு முட்டி வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் இருமினால் நீ பயந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பேக்கரியில் மாவு பிசையும்போது மூச்சு இழுக்கிறது என்று டாக்டரிடம் போனேன். மூச்சை அளக்கும் குழாய் ஒன்றைக் கொடுத்து, வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதி, முள் எதுவரை ஏறுகிறது என்று குறித்துவரச் சொன்னார். லீவு நாளில் நன்றாக ஏறினால், மாவுத் தூசியால் வந்த ஆஸ்துமாவாக இருக்குமாம். எனக்கு எந்த நாளும் ஏறவில்லை. டாக்டர் குழம்பிப்போய், "லீவுல எங்க இருப்பீங்க?" என்று கேட்டார். "பேக்கரியிலதான் சார். ரூம்ல பேச ஆள் இல்ல" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகக்கூடாதாம். ரூமிலேயே கிடக்கிறேன். முள் ஏறுகிறது. மாவுதான் என்று உறுதியானால் முதலாளி என்னைக் கவுண்டரில் உட்காரவைப்பார், கவலைப்படாதே.

போன முறை ஊருக்கு வந்தபோது, "செஞ்சி காத்து பட்டதும் இருமலையே காணோமே, இன்னா மாயம்?" என்றாயே, அதையும் டாக்டரிடம் சொன்னேன். அங்கே தூக்கத்தில் எனக்கு மூச்சு இரைத்ததா என்று கேட்டார். பக்கத்தில் படுத்த உனக்குத்தானே தெரியும்?

கடிதம் கொண்டுவரும் சீயமங்கலத்துக்காரர் கிளம்பி நிற்கிறார். பதிலைப் போனிலேயே சொல். நடுவில் நான் இருமினாலும் போனை வைத்துவிடாதே.

உன்
சமீர்