மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில்

ஜனவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? இது உன் அக்காவின் கையெழுத்து இல்லை. என்னுடையது! இந்த நாலு வரி எழுதுவதற்குள் ஒரு டம்ளர் டீ ஆறிப்போனது. ஆறட்டும்.

ஆறு மாதமாக எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள நூலகத்தில் மாலை வகுப்புக்குப் போகிறேன். பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர் உட்காருகிறார். என்னைவிட இருபது வயது சின்னவர். "பெரியவரே, கொஞ்சம் காட்டுங்க" என்று என் நோட்டைப் பார்த்து எழுதுகிறார். எனக்கு எப்படி இருக்கும் பார்!

நம் தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலை படுத்துவிட்டது. இதே வேலைக்கு நீல வேன் கம்பெனி ஒன்று ஊருக்குள் சுற்றுகிறது. மாதக் கடைசியில் தண்ணீர் இறைக்கும் பம்பை விற்றுவிடலாம் என்று நேற்று கருவிப் பெட்டியைக் காலி செய்தேன். அடியில் விரித்திருந்த காகிதம் நீ அச்சடித்த நோட்டீஸ். பதினொரு வருடத்துக்கு முன் உன் எதிரிலேயே கட்டோடு கிழித்தேனே, அதில் தப்பிய ஒன்று.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். "எங்கள் பெரியவர் தாமே தொட்டிக்குள் இறங்கிக் கழுவுகிறார். உள்ளே இருக்கும்போது அவரால் போன் எடுக்க முடியாது. நேரம் கேட்க இந்த எண்."

அன்றைக்கு எனக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். உன் எண் பெரிதாக இருந்தது. என் எண் இல்லை. "என் தொழிலையே தூக்கிட்டுப் போகப் பாக்கறியா?" என்று கத்தினேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமும் கேட்க வெட்கம்.

மன்னித்துவிடு.

உன் அத்தான்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)


ஜனவரி 20

அத்தானுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். எதைக் கொடுத்தாலும் "கண்ணாடிய வீட்டுல வெச்சுட்டேன்" என்பீர்கள். உங்களுக்கு மூன்று கண்ணாடி வாங்கித் தந்தேன். மூன்றும் வீண். அக்காவும் வாயைத் திறக்கவில்லை பாருங்கள்!

பம்பை விற்காதீர்கள். நான் இப்போது மெத்தைக் கடையில் விற்பனை பார்க்கிறேன். வருகிறவர் படுத்துப் பார்த்து வாங்குகிறார். கழுவிய தொட்டியில் யார் படுத்துப் பார்ப்பது? நம் வேலை நன்றாக இருந்தால் யாருக்கும் அது தெரிவதே இல்லை. தண்ணீர் நாறினால்தான் நம் ஞாபகம் வரும். அதற்காகத்தான் ஒரு திட்டம் வேண்டும் என்றேன். யாரிடம் போவது, என்ன சொல்வது, மறுபடி எப்போது ஞாபகப்படுத்துவது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது. நோட்டீஸ் அதில் கால்வாசிதான். மீதியைச் சொல்வதற்குள் நீங்கள் கிழித்துவிட்டீர்கள்.

மீதி இதுதான். ஊர் முழுக்க அலையாதீர்கள். கைக்குழந்தை உள்ள வீடுகள், கிளினிக்குகள், இவர்களிடம் முதலில் போங்கள். கழுவிய தேதியும் அடுத்து கழுவ வேண்டிய தேதியும் எழுதிய அட்டையை ஒட்டிவிட்டு வாருங்கள். தொட்டி மூடியில் ஒட்டினால் காக்காய்தான் படிக்கும். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தினமும் கை போகிற இடம்.

அங்கே வருவதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். கிழிந்தது காகிதம்தான். பார்த்தது பத்துப் பேர்.

மச்சான்


பிப்ரவரி 26

அன்புள்ள மச்சானுக்கு,

கோபம் நியாயம்தான். அந்தப் பத்துப் பேரில் இன்றும் இங்கே இருக்கும் ஆறு பேரிடம் போய், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். ஒருவர் சிரித்தார். மற்றவர்களுக்கு ஞாபகமே இல்லை. எனக்கும் உனக்கும்தான் இருக்கிறது.

பம்பை விற்கவில்லை. அட்டைகளை நானே எழுதினேன். ஒன்றுக்குக் கால் மணி நேரம். பழைய வீடுகளுக்கே போனேன். ஒரு அம்மா, இடுப்பில் பேரன், "போன வருஷம்தானே கழுவுனீங்க?" என்றாள். மூடியைத் திறந்து காட்டினேன். "ஐயையோ, இதையா குழந்தைக்குக் குடுத்தேன்!" மூன்று வருடமாகிவிட்டதாம். பாதி வீடுகள் நீல வேனுக்குப் போகவே இல்லை மச்சான். மறந்துதான் போயிருந்தார்கள். அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியது நான். என் வேலையே பேசும் என்று இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டேன்.

பல் டாக்டர் கிளினிக்கில் இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லிவிட்டார்கள். அங்கே என் எழுத்தைச் சுவரில் பார்த்துக்கொண்டே நின்றேன். "இன்னும் ஏதாவது வேணுமா தாத்தா?" என்று நர்ஸ் கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

ஒரே ஒரு சிக்கல். அட்டையில் என் எண்ணை எழுதினேன். நேற்று தொட்டிக்குள் இருக்கும்போது நாலு முறை போன் அடித்தது. சேற்றுக் கையோடு ஏணியில் ஏறி வருவதற்குள் நின்றுவிட்டது. நீ அன்றைக்கே எழுதியதுதான்.

அடுத்த ஐம்பது அட்டையில் எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். யார் எண்ணை எழுதுவது?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அத்தான்


(உறைக்குள் ஒரு அட்டை மட்டும்)

அத்தான் வீடு

கடைசியாக வந்தது: பதினொரு வருடத்துக்கு முன்பு

அடுத்து வருவது: மார்ச் 16, காலை பத்து மணி

நேரம் கேட்க: நோட்டீஸில் உள்ள அதே எண். நான் மாற்றவே இல்லை.

மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டவும். அக்காவுக்கு நீங்களே வாசித்துக் காட்டவும்.