இஸ்தானா எந்தப் பக்கம்

குருண்,
2603 ஆகஸ்ட் 9 (இது ஜப்பான் ஆண்டு, நம் கணக்கில் 1943)

அன்புள்ள தம்பி பரஞ்சோதிக்கு,

அண்ணன் பக்கிரிசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் சுகம் விசாரிக்க இது காலமில்லை. பினாங்கில் நீங்கள் மரவள்ளிக்கிழங்கு தவிர வேறு ஏதாவது கண்ணால் பார்க்கிறீர்கள் என்றால் சந்தோஷம்.

இதைத் தபாலில் போடவில்லை. தஞ்சோங் டாவாயிலிருந்து கருவாடு ஏற்றி வரும் ஹபீப் முகம்மது பாய், கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டு வருகிறார். நாற்றம் அடிக்கும், பொறுத்துக்கொள். மனதில் இருப்பதை எழுத வேறு வழியில்லை. படித்ததும் எரித்துவிடு.

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கமும் ஜப்பான் சக்கரவர்த்தி புராணம். தொழிலாளர் இலாகாவில் மொழிபெயர்ப்பாளனாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இவ்வளவு பக்தி. இரண்டாயிரத்து அறுநூறு வருடமாக அறுபடாமல் ஒரே குடும்பம் ஆள்கிறது, வேறு எந்த ராஜ்யத்துக்கு இந்தப் பெருமை உண்டு என்று கேட்டிருந்தாய். ஒரே குடும்பம் அத்தனை வருடம் கடை நடத்துகிறது என்றால் சரக்கு நல்ல சரக்கு என்று அர்த்தமில்லை, தம்பி. அந்தத் தெருவில் வேறு யாரையும் கடை திறக்க விடவில்லை என்று அர்த்தம்.

நீ படித்தவன். நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி, வாளி தூக்கி, பிறகு பலசரக்குக் கடை வைத்தவன். எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். முதலாளிகளில் எத்தனை ரகம் உண்டோ ராஜாக்களிலும் அத்தனை ரகம். அலோர்ஸ்டாரில் நம் சுல்தான். பலகையில் பேர் அவருடையது, உள்ளே சாவியை வைத்திருந்தவர் வெள்ளைக்கார ஆலோசகர். ஆலோசனை என்றுதான் பேர், கேட்காமல் இருக்க முடியாது. லண்டன் ராஜா இன்னொரு ரகம். சட்டமும் சபையும் அவரைக் கட்டி வைத்திருப்பதாகப் பள்ளிக்கூடத்திலிருந்து நீதான் வந்து சொன்னாய். அங்கே ராஜாவைக் கட்டிப் போட்டார்கள், சரி. இங்கே தோட்டத்தில் அவர் பேரைச் சொல்லி அவிழ்த்துவிட்ட பெரிய துரையை யார் கட்டினார்கள்? துரை வரும்போது சைக்கிளை விட்டு இறங்கவில்லை என்று நம் அப்பாவை உதைத்தானே, அன்றைக்கு எந்தச் சபை கூடியது?

உன் சக்கரவர்த்தி மூன்றாவது ரகம். அவர் தெய்வமாம். அதில் உள்ள தொந்தரவு உனக்குப் புரிகிறதா? நேற்றுச் சேர்ந்த சிப்பாய்கூடத் தெய்வத்தின் கையால் அறைகிறான். துரை அறைந்தால் மனு எழுதலாம், பதில் வராது, ஆனாலும் எழுதலாம். தெய்வம் அறைந்தால் மனு எந்த முகவரிக்கு? போன மாதம் சுங்கை பட்டாணியில் நான் குனிந்தது போதவில்லை என்று ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் என் முதுகை அழுத்திச் சரி பண்ணினான். என் கடையில் உப்பு நிறுக்கிற தராசுகூட அவ்வளவு நுணுக்கம் பார்க்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா காளியம்மா புருஷன் இருளப்பன் மாட்டிக்கொண்டான்.

மெர்போக் தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் அவன்தானே. துரை ஓடிப்போன பிறகு ஜப்பான்காரன் ஒருவன் வந்து, தினம் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் எல்லோரும் ராஜாவின் அரண்மனை இருக்கும் திசையைப் பார்த்துக் குனிய வேண்டும் என்று உத்தரவு போட்டான். கூட வந்தவன் அதை மலாயில் சொன்னான். அரண்மனைக்கு அவன் சொன்ன சொல் இஸ்தானா. கெடாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இஸ்தானா என்றால் ஒன்றுதான், சுல்தானுடையது. இருளப்பன் யாரிடமோ விசாரித்திருக்கிறான். மறுநாளிலிருந்து முந்நூறு பேரையும் ஜெராய் மலைப் பக்கம் திருப்பி, அலோர்ஸ்டாருக்கு நேராகக் குனிய வைத்திருக்கிறான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு மாதம். உத்தரவு போட்டவன் அந்தப் பக்கம் திரும்பி வரவே இல்லை.

போன வாரம் புது அதிகாரி விடியலில் வந்து நின்றான். சூரியனும் ஜப்பான் அரண்மனையும் கிழக்கே, ஜனங்கள் வடக்கே. ஏன் மலையைக் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். இருளப்பன் நெஞ்சை நிமிர்த்தி, மலை இல்லை துவான், அதற்குப் பின்னால் இஸ்தானா, எட்டு மாதமாக ஒரு நாள் தவறியதில்லை என்றானாம். பாராட்டுவான் என்று நினைத்திருக்கிறான் பாவம். முன்பல் இரண்டும் போயின. சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்குக் கூலியாகப் போகிறவர்கள் பட்டியலில் முதல் பேர் அவனுடையது.

இருபதாம் தேதி சுங்கை பட்டாணியில் ரயில் ஏற்றுகிறார்கள். பட்டியல் உன் இலாகாவுக்குத்தான் வரும். மண்டோர் இல்லாமல் தோட்டத்தில் வேலை நடக்காது என்று ஒரு தாள், ஒரு சிவப்பு முத்திரை, அவ்வளவுதான் கேட்கிறேன். போனவர்களில் திரும்பியவன் ஒருவனைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை. காளியம்மாவுக்கு இது ஏழாம் மாதம்.

நீயும் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

அண்ணன்,
பக்கிரிசாமி


குருண்,
நவம்பர் 14

தம்பி பரஞ்சோதிக்கு,

உனக்கு மருமகன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். பால் போதவில்லை, கஞ்சித் தண்ணீரில் ஓட்டுகிறோம். பேர் இன்னும் வைக்கவில்லை, அப்பன் வந்து வைக்கட்டும் என்கிறாள்.

சக்கரவர்த்தியை அவமதித்தவனுக்காக நான் வாய் திறந்தால் என் தலை போகும் என்று நீ எழுதிய நாலு வரி, இருளப்பனை ஏற்றிக்கொண்டு ரயில் போன மறுநாள் வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இங்கே ராஜா மாறிவிட்டார். நம் கெடாவை ஜப்பான்காரன் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான், எனக்குச் சொந்தமான சட்டியை அவன் இன்னொருவனுக்குச் சீர் கொடுத்த மாதிரி. இனி சைபுரி என்று சொல்ல வேண்டுமாம். சயாம் ஆண்டு 2486. நேற்று 2603, இன்று 2486. ஒரே ராத்திரியில் நூற்றுப் பதினேழு வருடம் பின்னால் போய்விட்டோம், எனக்கு என்னவோ நரை குறையவில்லை. உன் அண்ணி ஜப்பான் கொடியின் சிவப்பு வட்டத்தைப் பிரித்து, நீளமாக வெட்டி, சயாம் கொடிக்குக் கோடு தைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த ராஜா நாலாவது ரகம். இளம் பிள்ளை, ஐரோப்பாவில் படிக்கிறாராம். அவர் பேரில் ஆள்கிறவர் ஒரு படைத்தலைவர். முதலாளி ஊரில் இல்லாத கடையை யார் நடத்துவார்கள், எப்படி நடத்துவார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

காளியம்மா கேட்டாள். அண்ணே, இத்தனை ராஜா வந்து போகிறார்களே, இதில் ஒருத்தருக்காவது ஒரு மனு எழுதத் தெரியாதா உனக்கு, ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறாயே என்று. மனு எடுத்துக்கொண்டு அலோர்ஸ்டார் போனேன். இருளப்பன் இருப்பது சயாமில், நாமும் இப்போது சயாம், ஒரே ராஜாவின் குடிகள், திருப்பி அனுப்புங்கள் என்றேன். ரயில் பாதை ஜப்பான்காரனுடையது, அங்கே போய்க் கேள் என்றார் சயாம் அதிகாரி. அங்கே போனேன். நீ இப்போது சயாம் பிரஜை, அங்கே போய்க் கேள் என்றான் ஜப்பான்காரன். பிடித்துக்கொண்டு போகும்போது எல்லாருக்கும் அவன் சொந்தம். திருப்பிக் கேட்டால் யாருக்கும் சொந்தமில்லை.

இதுவரை எழுதிய தாளை எரித்துவிடு. அடுத்த தாளை மட்டும் வைத்துக்கொள்.

தம்பி, போன கடிதத்தில் இருளப்பன் யாரிடமோ விசாரித்தான் என்று எழுதினேன். என்னிடம்தான் விசாரித்தான். அன்று கருவாட்டுக் கூடை இறங்கிக்கொண்டிருந்தது. கடை வாசலில் நின்று, மச்சான், இஸ்தானா எந்தப் பக்கம் என்றான். பெரட்டு உத்தரவைப் பற்றித்தான் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் சொல்லும் அரண்மனை எது என்றும் தெரியும். கூடையிலிருந்து தலையை எடுக்காமல், அலோர்ஸ்டார் பக்கம் குனியச் சொல், எல்லா ராஜாவும் ஒன்றுதான், எவனுக்கு வித்தியாசம் தெரியப்போகிறது என்றேன். அவனும் சிரித்தான். நான் நக்கலாகச் சொன்னேன், அவன் அதை விலாசமாக எடுத்துக்கொண்டான். அவன் என் வார்த்தையை எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். அதிகாரி அடித்துக் கேட்டபோதும், யார் சொன்னது என்று என் பேரைச் சொல்லவில்லை. அவனோடு அடிபட்ட இராமையா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். காளியம்மாவுக்கு இன்னும் தெரியாது. தினமும் என் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கிறாள்.

அதனால் இந்தத் தாளை எரிக்காதே. உன் அதிகாரியிடம் கொண்டு போ. தினம் காலையில் கிழக்கே குனிகிறாய், ஒரு தடவை அவர் மேசைக்கு முன்னால் குனி. தப்பான திசையைக் காட்டியவன் குருண் கடைக்காரன் பக்கிரிசாமி, மண்டோர் இருளப்பன் நான் சொன்னதைச் செய்தவன் மட்டுமே என்று சொல். ஆள் கணக்கு குறையக் கூடாது என்றால் என்னை ஏற்றிக்கொண்டு அவனை இறக்கிவிடட்டும். மூட்டை தூக்கிய உடம்பு, மண் வெட்டும். கடையை உன் அண்ணி பார்த்துக்கொள்வாள், என்னைவிட நன்றாகவே.

அவருக்குத் தமிழ் தெரியாது. நீதான் வாசித்துச் சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறியதால் வந்த வினை இது. அதனால் தம்பி, மொழிபெயர்க்கும்போது என்னைக் காப்பாற்றுகிறேன் என்று எந்தச் சொல்லையும் மாற்றிவிடாதே.

உன் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

அண்ணன்,
பக்கிரிசாமி