துரை பங்களாவில் இவருடைய பிறந்தநாள்

1932 ஆகஸ்ட் 12, வெள்ளி. கண்டி

தூறல். துணி காயவில்லை. நாளை இவருக்கு முப்பத்தைந்து. ஊரில் என்றால் நட்சத்திரம் பார்த்துக் கோயில். கந்தோர் உத்தியோகத்தில் சேர்ந்தபின் இங்கிலீஷ் திகதிதான். நாளை போவது அம்பிட்டியாவுக்கு அப்பால், கோப்பித் தோட்டக் காலத்துப் பெரிய பங்களா. ஏதோ காணி அலுவலை இவர் விரைவாக முடித்துக் கொடுத்ததற்காக வெள்ளைக்காரத் துரை தங்க வரச் சொன்னாராம். இதை இவர் பத்துத் தரம் சொல்லிவிட்டார்.

எடுத்து வைத்தது: கூறைச்சேலை, இவர் கோட்டு, தைலம். இவர் குடிக்கும் பித்தளை மூக்குப்பேணியையும் வைத்தேன், வெளியே எடுத்துப் போட்டார். துரை வீட்டில் வெட்கமாம். இங்கே வேறு எவரும் அதைத் தொடக்கூடாது.

விறகு கொத்தும் கறுப்பையா பின்கதவில் தண்ணீர் கேட்டான். வழக்கம்போல, வெளியே தொங்கும் சிரட்டையில் ஊற்றினேன். இவர் போட்ட சட்டம்.

13, சனி

வீடு பெரிதுதான். கூடம் முழுக்கச் செத்த தலைகள். மான், மரை, கண்ணாடிக் கண் வைத்த சிறுத்தை. கம்பளத்தில் நாய் மூத்திர நாற்றம். துரை தலையாட்டினார், இருக்கக் கதிரை காட்டவில்லை. எங்களுக்குப் பின்விறாந்தை அறை.

தேத்தண்ணி. துரையின் நாய்க்குப் பீங்கான். எங்களுக்கு ஓரம் உடைந்த எனாமல் கோப்பை. கொண்டுவந்த சமையற்காரர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"இது தனியா வச்சிருக்கிறதுங்கம்மா. நம்ம ஆளுங்க யாரு வந்தாலும் இதுலதான் குடுக்கணும்."

நான் தொடவில்லை. இவர் குடித்தார். வாய் வைத்து, உறிஞ்சி, அடிமண்டி வரை.

"அது அவையளின்ர பழக்கம். நீர் மனசில வையாதேயும்."

சீ.

14, ஞாயிறு

அட்டை கடித்த கால் அரிப்பு. மத்தியானம் வீடு. பக்கத்து வீட்டாரிடம், துரையோடு இருந்து தேத்தண்ணி குடித்ததாக அளக்கிறார். அரிசி களைந்தபடி கேட்டேன். இவர் குரலே அருவருப்பாக இருக்கிறது.

15, திங்கள்

வெயில், ஒருவழியாக. துணி காய்ந்தது. கறுப்பையா மிச்ச விறகுக்கு வந்தான். தண்ணீர் கேட்டான். மூக்குப்பேணியில் நீட்டினேன்.

"இதுலயாம்மா?"

குடி என்றேன். அண்ணாந்து குடித்தான், உதடு படாமல்.

கந்தோருக்கு வெளிக்கிட்ட இவர், சப்பாத்துடன் வாசலில். "அது என்ர பேணி."

"ஓம். இது என்ர பழக்கம். மனசில வையாதேங்கோ."

பின்னேரம் வந்தார். அதே பேணியில் தேத்தண்ணி வைத்தேன். விளக்கும் ஏற்றியாயிற்று. இவர் இன்னும் தொடவில்லை, தேத்தண்ணியில் ஆடை படர்ந்து கிடக்கிறது.