பின்னால் வந்த தண்ணீர்

அம்மருட், ஒக்டோபர் 3

என் மனுசன் எங்கள் மகள் யூலியாவின் வீட்டுக்குப் போய்விட்டார். சூசைரட்ணம் துரை இல்லாத வீட்டில் வாய்த் தர்க்கம் இல்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது.

யூலியா இருப்பது ஜேர்மனியின் வடகடல் ஓரம், கிழக்கு ஃபிரீஸ்லாந்து. ஆற்றைக் கடந்தால் ஹொலண்ட்.

ஒக்டோபர் 4

தொலைபேசியில் மருமகன் ஹைக்கோவைப் பற்றி இவரின் முறைப்பாடு. அங்கே நாளுக்கு இரண்டு தரம் கடல் வற்றுமாம்; வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதானாம். வழிகாட்டி இல்லாமல் இறங்க வேண்டாம் என்று ஹைக்கோ சொல்லிவிட்டான். துரைக்கு ரோசம். "ஊர்ப் பரவைக் கடலிலை நண்டு பிடிச்சு வளந்தவன் நான். அங்கை வடக்கிலை, பாட்ஸ்பியோர்ட் ஆலையிலை மீன் வெட்டினவன். எனக்குக் கடல் காட்ட வாறார்!"

ஹைக்கோவின் ஆட்கள் ஃபிரீசியர். பரம்பரையாக அணை கட்டிக் கடலிடமிருந்து நிலம் பிடுங்கியவர்கள். அப்படியும் அது ஊரூராக விழுங்கியிருக்கிறதாம். "அந்தப் பெடியன் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றேன். ஃபோனை வைத்துவிட்டார்.

ஒக்டோபர் 5, பின்னேரம்

யூலியாவிடமிருந்து ஃபோன். "அம்மா, அப்பா அணையைத் தாண்டிச் சேத்துக்குள்ளை இறங்கிப்போட்டார். ஃபோன் எடுக்கிறாரில்லை. பனிப்புகார் மூடிட்டுது. தண்ணி ஏறுது." ஹைக்கோ மீட்புப் படகுக்கு அறிவித்துவிட்டுத் தானும் ஓடியிருக்கிறான்.

எங்கள் ஊர்ப் பரவைக் கடல் ஆழமில்லாதது, ஏறினாலும் ஒரு சாண்தான். அதே நினைப்பில் இறங்கியிருப்பார். அங்கே ஆளையே மூடுமாம். மாதாவே.

ஏன் எழுதுறன்? கையைச் சும்மா வைச்சிருக்க ஏலாது. அவற்றை ஃபோனுக்கு அடிச்சு அடிச்சுப் பாக்கிறன். மணி அடிக்குது. அடிக்குதெண்டால் ஃபோன் நனையேல்லைத்தானே? சேட்டுப் பொக்கற்றிலை வைக்கிறவர். அப்ப தண்ணி நெஞ்சு மட்டும் வரேல்லை—

இப்ப மணி அடிக்கேல்லை.

ஒக்டோபர் 6, ஞாயிறு

உயிரோடு இருக்கிறார். படகுப் பாதைக்கு அடையாளமாக நட்டிருந்த கம்பொன்றைக் கட்டிப்பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் நின்றவரைப் படகுக்காரர் தூக்கி எடுத்தார்களாம். நேற்றே யூலியா சொல்லிவிட்டாள். எழுதத்தான் இன்று வரை கை வரவில்லை.

பூசைக்குப் போகவில்லை. வரட்டும், இருக்கு அவருக்கு.

ஒக்டோபர் 12

வந்துவிட்டார். ஏசுவதற்கு எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றாமலே நின்று, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "முன்னுக்குக் கடலைப் பாத்துக்கொண்டுதான் நடந்தனான், அனஸ். அது பின்னாலை சேத்து வாய்க்காலுக்குள்ளாலை வந்து சூழ்ந்திட்டுது."

 பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

ஒக்டோபர் 20

"கடைக்குப் போகட்டோ?" என்று என்னிடம் கேட்கிறார். இவரா?

ஒக்டோபர் 27

இத்தனை வருடமாக என் சமையலில் உப்பில்லை, புளியில்லை என்று சொல்லாத நாளில்லை. இன்று, ஏதாவது சொல்வாரா என்று பார்க்க, மீன்குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

அவர் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார். சாப்பிட்ட கோப்பையையும் தானே கழுவி வைத்தார்.