லோமிராவில் வானிலை

ஆம்பூர்
9.2.1992

அன்புள்ள பார்கவி,

லோமிராவில் இன்று மேகமூட்டம். வடக்குக் கரையில் மட்டும் கொஞ்சம் வெயில்.

பார், ஊர் மாறினாலும் சட்டத்தை மறக்கவில்லை. தீவின் வானிலையைச் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது. எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சரின் முதுகுக்குப் பின்னால் நாம் வரைந்த தீவு, இந்த ஊருக்கும் என்னோடு வந்துவிட்டது. அதன் மொழியும்தான். இங்கே லோமி பேச ஆளில்லை, அவ்வளவே.

அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை கிடைத்துவிட்டது. மர்பி டவுன் வீட்டைக் காலி செய்தாயிற்று. அம்மா கடையில் ‘அர்த கேஜி’ என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, அங்கே பெங்களூரில் தமிழ் வாயில் வந்துவிடுமோ என்று பயந்தவள்.

அந்த மத்தியானத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தெரு முழுக்க ஆட்கள், எங்கேயோ டயர் எரிகிற வாசனை. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. நீ ரொட்டியும் பாலும் எடுத்துவந்து தட்டினாய். தமிழில் பதில் சொல்ல முடியாது. கன்னடத்தில் சொன்னால் என் உச்சரிப்பு காட்டிக்கொடுக்கும். என் வாயில் வந்தது ‘ஹூமி.’ அதுவரை நம் மொழியில் அப்படி ஒரு சொல்லே இல்லை. ஆனால் நீ புரிந்துகொண்டாய்.

அதற்கு இப்படிப் பொருள் எழுதியிருக்கிறேன்: உள்ளேதான் இருக்கிறேன், உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ஏற்கிறாயா?

உன்
வேதநாயகி

*

அல்சூர், பெங்களூர்
20.2.1992

அன்புள்ள வேதா,

லோமிராவில் தூறல்.

கேட்டைத் தாண்டினால் தமிழ் பேசாதே என்கிறார் அப்பா. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவருக்கு எச்சரிக்கை தானாக வருகிறது. நான் பஸ் ஸ்டாப்பில் லோமியில் முணுமுணுக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் தள்ளி நிற்கிறார்கள்.

ஒருத்தி உண்டாக்கிய சொல்லை மற்றவள் தன் பதிலில் ஒரு வாக்கியத்தில் வைத்தால்தான் அது பிறக்கும். சட்டப்படி வைக்கிறேன்: நீ எந்த ஊரில் கதவைச் சாத்திக்கொண்டாலும், நான் வந்து தட்டினால் ஹூமி சொல்.

பிறந்துவிட்டது.

இன்னொரு சட்டமும் சேர்த்திருக்கிறேன். மூன்றாவது ஆளுக்கு லோமி தெரியக் கூடாது. என்றைக்கும்.

உன்
பார்கவி

*

எலெக்ட்ரானிக் சிட்டி
14.6.2003

அன்புள்ள வேதா,

லோமிராவில் நல்ல வெயில்.

இங்கே ஆபீஸ் மெயில் இருக்கிறது. ஆனாலும் காகிதத்தில்தான் எழுதுகிறேன். லோமிராவுக்கு மின்சாரம் வரவில்லை என்று முன்பே முடிவு செய்துவிட்டோமே.

புது வேலை. கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி. விவரம் வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சிப்பாய் ஒருவன் மலைக் கிராமங்கள் வழியாகப் போகிறான். அது மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அந்தக் கிராமத்து ஆட்களுக்கு ஏதாவது ஒரு பாஷை வேண்டுமாம். டீம் லீட் மஞ்சுநாத், “சும்மா உளறு பார்கவி. கேட்டா வேற தேசம் மாதிரி இருக்கணும், அஷ்டே, அவ்வளவுதான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னை மைக் முன்னால் உட்காரவைத்தார்கள்.

ஏதோ உளறினேன்.

மற்றபடி விசேஷம் இல்லை. உன் வீட்டுக்காரர் சௌக்கியமா? நீ எழுதி ரொம்ப நாளாகிறது.

உன்
பார்கவி

*

ஆம்பூர்
2.7.2003

அன்புள்ள பார்கவி,

லோமிராவில் வெயில் அடித்துக்கொண்டே மழை. துணி காயப்போட்டவர்களுக்குத் திண்டாட்டம்.

நீ உளறினாயா? நீயா? வினைச்சொல் இடம் மாறினாலே எனக்கு இரண்டு பக்கம் கண்டிப்புக் கடிதம் எழுதுகிறவள் நீ. அர்த்தமில்லாத சத்தத்தை எப்படிப் பொறுத்துக்கொண்டாய்? அந்த மஞ்சுநாத்துக்கு ஒரு கும்பிடு.

என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்குக் கீழே பிரவுசிங் சென்டர் திறந்திருக்கிறார். “வேதா, இனி நீ கல்லாவுல உக்காந்தே ராணி மாதிரி இருக்கலாம்” என்றார். ராணிக்கு மின்விசிறி கிடையாது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன். சாயங்காலம் பையன்கள் கூட்டம் தாங்கவில்லை.

உனக்கு ஒரு சொல். மினோ. கடிதம் கைக்கு வந்துவிட்டது, இன்னும் பிரிக்கவில்லை, அந்த நேரம். உன் கடிதங்களை அரிசி வேகும் வரைக்கும் மினோவில் வைத்திருப்பேன். ஏற்கிறாயா?

உன்
வேதா

*

எலெக்ட்ரானிக் சிட்டி
21.7.2003

அன்புள்ள வேதா,

லோமிராவில் காற்று.

அழகான சொல். வைக்கிறேன்: உன் கடிதத்தைக் கம்பெனி காரில் வரும்போது முழுவதும் மினோவில் வைத்திருந்தேன்.

ஒன்று கேட்கிறேன். சென்டரில் பையன்களை விளையாட விடுகிறீர்களா? வேண்டாம். மெஷின் கெட்டுப்போகும். வைரஸ் வரும். தெரிந்தவளாகச் சொல்கிறேன். மெயில், பரீட்சை ரிசல்ட் இவை போதாதா? உன் வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்.

மறக்காமல் சொல்.

உன்
பார்கவி

*

ஆம்பூர்
30.11.2003

பார்கவி,

நீ சொன்னதை இவரிடம் சொன்னேன். “கேம் இல்லாட்டி ஒருத்தனும் உள்ள வரமாட்டான், உன் பிரெண்டு பெரிய எடத்துல இருக்காங்க, அவங்களுக்கு என்ன” என்று சிரித்தார். போன வாரம் சென்னையிலிருந்து புது சிடி வந்தது.

நேற்று கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ ‘ஹூமி’ என்றார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கடைக்குள் நீ வந்திருக்கிறாய் என்றே நினைத்தேன். குரல் உன்னுடையது. சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

பையன்கள் ஒரே மெஷினைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

“டேய், நில்லுடா, நடக்காத. சத்தம் கேளு.”

“எங்கடா?”

“அதோ, ஹூமின்னு வருது பாரு. அந்தச் சத்தம் வந்தா குடிசைக்குள்ள ஆள் ஒளிஞ்சிருக்குதுன்னு அர்த்தம். கதவ ஒதைச்சிட்டுச் சுட்டுப் போடு!”

போட்டான். உள்ளே மூன்று பேர். ஒருத்தி பெண்.

அடுத்த குடிசையில் ஒரு கிழவர் கையைத் தூக்கிக்கொண்டு, ஆண் குரலாக மாற்றிய உன் குரலில் என்னவோ சொன்னார். ‘குழந்தை தூங்குகிறது, கிழக்குக் கரைக்குப் போய்விடுகிறோம்’ என்றார். வினைச்சொல் சரியான இடத்தில் இருந்தது. உலகத்தில் அது எனக்கு மட்டும் புரிந்தது. அவரையும் போட்டான்.

“ஏன் வேதா அழுவுற? பொம்மைதானே?” என்றார் இவர். மூன்றாவது ஆளுக்குத் தெரியக் கூடாதே. தலைவலி என்றேன்.

வேதநாயகி

*

எலெக்ட்ரானிக் சிட்டி
19.12.2003

வேதா,

உன் கடிதத்தைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். அதை மினோ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது பயம்.

முதல் நாள் நிஜமாகவே உளறினேன். திரும்பப் போட்டுக் கேட்டார்கள். சகிக்கவில்லை. அந்த மனிதர்களுக்கு முகம் இருந்தது, செருப்பு இருந்தது, அடுப்பில் பானை இருந்தது. பேச்சு மட்டும் குப்பை. “இன்னொரு டேக்” என்றேன். ஒரே ஒரு வாக்கியம் சரியாகச் சொன்னேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

இத்தனை வருஷம் நம் இருவர் காதில் மட்டும் இருந்தது, பெரிய ஸ்பீக்கரில் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதமும் பொய்.

ஒளிந்திருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டார்கள். அதற்கென்றே பிறந்த சொல் நம்மிடம் இருந்தது. எவ்வளவு பொருத்தம் என்று பெருமைப்பட்டேன். அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. வந்தும் சொன்னேன்.

அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும்போதே தெரிந்தது. “சரியா கேக்கலை பார்கவி, கொஞ்சம் ஜாஸ்தி பண்ணு” என்றார் மஞ்சுநாத்.

ஜாஸ்தி பண்ணினேன்.

இப்போது எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். சிடி போய்ச் சேர்ந்துவிட்டதாம். “யாருக்கும்மா புரியப் போகுது?” என்றார். நல்ல மனிதர். அவருக்கு எப்படித் தெரியும்?

ரொட்டி கொண்டுவந்தவள் நான்தான் வேதா. நான்தான் வெளியே நின்று கேட்டேன்.

பார்கவி

*

ஆம்பூர்
11.1.2004

பார்கவி,

வானிலை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை.

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். தமிழில் எழுதியபோது போதவில்லை. லோமியில் எழுதிப் பார்த்தேன். நம் மொழியில் திட்டுவதற்குச் சொல்லே இல்லை. நாம் உண்டாக்கவில்லை. தேவைப்படும் என்று அந்த வயதில் தோன்றவில்லை.

சென்டரில் அந்த மெஷின் ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டேன். “அக்கா, சத்தம் இல்லாம எப்பிடிக்கா கண்டுபிடிக்கிறது?” என்று பையன்கள் சண்டைக்கு வந்தார்கள். “தெரியாட்டி வுட்டுட்டுப் போங்கடா” என்றேன். இவருக்கு என்மேல் கோபம். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மற்ற ஊர்களில் ஸ்பீக்கர் இருக்கும்.

இனி நீ வந்து தட்டினால் நான் ஹூமி சொல்லமாட்டேன். அது ஊருக்குத் தெரிந்த சத்தமாகிவிட்டது. அந்த இடத்தில் வைக்க வேறு சொல் இப்போது என்னிடம் இல்லை.

ஒரு புதுச் சொல் மட்டும் அனுப்புகிறேன்.

கெதோரா. இருவர் குடியிருந்த வீட்டை, மற்றவரைக் கேட்காமல், வெளியாருக்குத் திறந்துவிட்டவள். திருடி இல்லை. சாவி அவளிடமும் இருந்தது.

நீ எழுதாவிட்டால் இது பிறக்காது. அப்படி ஒருத்தி லோமிராவில் இல்லை என்று ஆகிவிடும். நானும் அப்படியே விட்டுவிடுவேன். லோமியையும் சேர்த்து. அதற்கும் ஆள் இரண்டு பேர் வேண்டும்.

உன் இஷ்டம்.

வேதநாயகி

*

எலெக்ட்ரானிக் சிட்டி
26.1.2004

வேதா,

வைக்கிறேன்:

நான் கெதோரா.

பார்கவி